கண்ணாடி அறையில் இரண்டாவது குரல்

அந்தத் திரைப்பட விழாவில் விருது வாங்கியவர்களின் புகைப்படங்களை அரங்கத்தின் நடைவழி நெடுக மாட்டியிருப்பார்கள். அவளுடைய படம் அங்கே கிடையாது. ஆனால் அந்தச் சுவரில் சிரித்துக்கொண்டிருக்கும் பாதிப் பேர், நடுவர்களின் காதுக்குள் அவள் குரலில்தான் பேசினார்கள். கொலைகாரனும் அவள்தான், கொலையானவனும் அவள்தான். காதலனும் காதலியும் கட்டிக்கொண்டு அழும்போது இரண்டு பேருக்கும் சேர்த்து அவள்தான் அழாமல் படிப்பாள். அதனால் அரங்கத்தில் அவளுக்குக் காதக்கா என்று பெயர். யார் வைத்த பெயரோ, ஒட்டிக்கொண்டுவிட்டது.

வேலை இதுதான். ஆண்டுதோறும் உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ படங்கள் வந்து குவியும். தேர்வுக் குழு அவற்றைச் சலித்துக் கொஞ்சத்தைப் போட்டிப் பிரிவில் வைக்கும். அதில் சில படங்கள் கடைசி நேரத்தில், அடியில் எழுத்து ஓடும் சப்டைட்டில்கூட இல்லாமல், அப்போதுதான் பிறந்த குழந்தை மாதிரி வந்து சேரும். அந்தப் படங்களை நடுவர்களுக்குப் போடும்போது, அரங்கின் பின்பக்கத்துக் கண்ணாடி அறையில் உட்கார்ந்து, மொழிபெயர்த்த வசனப் பிரதியைப் படத்தோடு சேர்ந்து படிக்க வேண்டும். நடுவர்கள் ஹெட்போனில் கேட்பார்கள். உணர்ச்சியைக் கொட்டிப் படிக்கக் கூடாது. நடிப்பது நடிகரின் வேலை. படிப்பவள் தண்ணீர் மாதிரி இருக்க வேண்டும், நிறம் காட்டக் கூடாது.

இதை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவள் கூடப் பிறந்த அக்கா. அந்தக் கண்ணாடி அறையில் இரண்டு நாற்காலிகள் அக்கா தங்கைக்குத்தான். முழுப் படத்தையும் ஒரே தொண்டை தாங்காது என்பதால் மாற்றி மாற்றிப் படிப்பார்கள். ஒருத்திக்குத் தொண்டை வறண்டால் வாய் திறந்து சொல்ல முடியாது, மைக் வாங்கிவிடும். பிரதியை மேசைமேல் சத்தமில்லாமல் மற்றவள் பக்கம் தள்ளிவிடுவாள். அவ்வளவுதான். வாக்கியம் பாதியில் நின்றாலும் மற்றவள் அந்தப் பாதியிலிருந்தே எடுத்துப் படிப்பாள். குரல் மாறியதே தெரியாது என்று பழைய நடுவர்கள் சொல்வதுண்டு. உண்மையில் தெரியும். அக்காவின் குரல் கொஞ்சம் கனமானது, கொஞ்சம் கரகரப்பானது. கேட்டால் யாரோ போர்வையை இழுத்து மூடிவிட்ட மாதிரி இருக்கும்.

அந்தத் தொண்டையில்தான் விதி கை வைத்தது.

புற்று என்றார்கள். அறுத்தார்கள். உலகத்து மொழிகளுக்கெல்லாம் குரல் கொடுத்தவளுக்கு, கடைசியில் ஒரு முனகல்கூட மிஞ்சவில்லை. கையை அசைக்கவும் தெம்பில்லை, எழுதிக் காட்டவும் முடியவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி உதடுகளை மட்டும் அசைத்தாள். ஒரே அசைவு, திரும்பத் திரும்ப ஒரே அசைவு. தங்கை இரவெல்லாம் கண்ணைக் கொட்டாமல் நாற்காலியில் உட்கார்ந்து அந்த உதடுகளையே பார்த்தாள். "தண்ணி வேணுமாக்கா? வலிக்குதா? டாக்டரைக் கூப்பிடவா?" எது கேட்டாலும் அக்கா கண்களை மூடித் திறந்து, இல்லை என்பாள். மறுபடி அதே அசைவு. ஊர் பேர் தெரியாதவர்கள் வாய்க்கெல்லாம் வார்த்தை கொடுத்தவளுக்குச் சொந்த அக்காவின் உதட்டைப் படிக்கத் தெரியவில்லை. அப்படியே ஒரு விடியற்காலையில் உதடுகள் நின்றன.

அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று. படுப்பாள், கண்ணை மூடுவாள், இமைக்குள் அந்த உதடுகள் அசையும். என்ன சொன்னாள்? என்னதான் சொல்ல வந்தாள்? இந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்தால் போதும், மிச்ச ஆயுளை எழுதிக் கொடுத்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றும்.

அடுத்த விழா வந்தது. விழா மேலாளர் கூப்பிட்டுச் சொன்னார்: "தனியா சமாளிக்க முடியாதும்மா. வேற ஒருத்தரைச் சேர்த்துக்குங்க. நல்லா படிக்கிற பொண்ணுங்க நிறைய பேரு இருக்காங்க."

"வேணாம் சார். நானே பாத்துக்கறேன்."

"தொண்டை கட்டிக்கிட்டா?"

"கட்டிக்கிட்டா கட்டிக்கட்டும் சார். அந்த நாற்காலில இன்னொருத்தர் உக்காந்தா எனக்கு நாக்கு எழும்பாது."

மேலாளர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. இரண்டாவது மைக்கைக் கழற்றி வேறு அரங்குக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நாற்காலி மட்டும் இருந்தது.

அன்று மதியம் போட்ட படம், ஏதோ ஒரு தீவில் கொஞ்சம் பேர் மட்டும் பேசும் மொழியில் எடுத்தது. சின்னப் பெண் ஒருத்தி இயக்கிய முதல் படம். சீக்காகப் படுத்திருக்கும் பிள்ளையின் பக்கத்தில் ஒரு தாய் உட்கார்ந்து, ஜன்னலுக்கு வெளியே நடப்பதையெல்லாம் அவனுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பாள். பிள்ளை கண் திறக்க மாட்டான். கடைசியில் அவளும் பேச்சை நிறுத்திவிடுவாள். பிறகு நெடுநேரம் அவள் முகம் மட்டும் திரையில் நிற்கும். படம் அதோடு முடியும்.

பாதிப் படத்திலேயே காதக்காவுக்குத் தொண்டையில் முள் ஏறியது. ஆஸ்பத்திரி, கட்டில், நாற்காலி. எந்தப் பாவி இதை எடுத்தாளோ, என் வீட்டை எட்டிப் பார்த்து எடுத்த மாதிரி இருக்கிறதே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. படித்துக்கொண்டேதான் இருந்தாள். தாய் ஜன்னலைப் பார்த்தாள், இவள் படித்தாள். தாய் பிள்ளையின் நெற்றியைத் தொட்டாள், இவள் படித்தாள். ஒரு வாக்கியத்தின் நடுவே குரல் கம்மியது. அப்போது, என்ன செய்கிறோம் என்று தெரியாமலேயே, பழகிய கை பிரதியை இடது பக்கம் தள்ளிவிட்டது.

தள்ளியவள் பழையபடியே ஹெட்போனைக் கழற்றினாள். பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக் குடித்தாள். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினாள். அடடா, அந்த நிம்மதி! எத்தனை மாதமாகத் தொலைந்துபோன நிம்மதி! அக்கா பார்த்துக்கொள்வாள்.

அக்கா பார்த்துக்கொள்வாளா?

தூக்கிவாரிப் போட்டு எழுந்தாள். யார் படிக்கிறார்கள்? யாருமே படிக்கவில்லையே! கண்ணாடி வழியாகப் பார்த்தாள். குரல் ஒரு கணம் நின்றாலே ஐந்து தலைகளும் சட்டென்று பின்னால் திரும்பும், அது வழக்கம். ஒரு தலையும் திரும்பியிருக்கவில்லை. ஐந்து நடுவர்களும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். திரையில் தாயின் முகம் மட்டும் நின்றது. காதக்கா பதறி ஹெட்போனை மாட்டினாள். காதில் படத்தின் அமைதி மட்டும் கேட்டது.

பிரதி காலி நாற்காலியின் முன்னால் கிடந்தது. அவள் தள்ளியபோது திறந்திருந்த தாளில் அல்ல. அதற்குப் பிறகு மூன்று நான்கு தாள்கள் ஒழுங்காகப் புரட்டப்பட்டு, கடைசித் தாள் மேலாக இருந்தது.

தேநீர் இடைவேளையில் நடுவர் குழுத் தலைவி அவளைத் தேடிக்கொண்டு வந்தார். ஒரு காலத்தில் பெரிய நடிகை. நரைத்த முடியைச் சாயம் பூசாமல் அப்படியே விட்டிருப்பார்.

"ஏம்மா, உங்க கூட படிச்சாங்களே ஒருத்தங்க, அவங்க யாரு? இத்தனை நாளா எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

"எப்ப மேடம்?"

"கடைசில நீங்க விட்ட இடத்துலேர்ந்து. கொஞ்சம் கரகரப்பான குரல். என்ன குரல்மா அது! எல்லாம் முடிஞ்சுபோச்சு, இனிமே பேச்சே இல்லைன்னு நெனச்சேன். அப்ப அந்த அம்மா வாய்லேர்ந்து ஒண்ணு சொல்ல வெச்சாங்க பாருங்க..." அதற்குள் தலைவி நாக்கைக் கடித்துக்கொண்டார். "அய்யோ, பேசக் கூடாதுல்ல. விருது சொல்ற வரைக்கும் படத்தைப் பத்தி வாயே திறக்க மாட்டோம்னு கையெழுத்துப் போட்டிருக்கோம். நான் ஒண்ணும் சொல்லல, நீங்க ஒண்ணும் கேக்கல. சரியா?"

சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

ஒலிக் கருவிகளைப் பார்ப்பவர் அடுத்த அறையில் இருப்பார். காதக்கா அவரிடம் ஓடினாள். "அண்ணே, அந்தக் கடைசி சீன்ல என்ன போச்சு?"

"என்ன காதக்கா, நீங்களே படிச்சுட்டு என்னைக் கேக்கறீங்க?"

"கேட்டதைச் சொல்லுங்கண்ணே."

"உங்க குரல் நின்னுச்சு, இன்னொரு குரல் வந்துச்சு. யாரையோ கூட்டிட்டு வந்திருக்கீங்கன்னு நெனச்சேன். மைக் ஒண்ணுதானே இருக்கு, இடிச்சுக்கிட்டுப் படிக்கிறாங்களேன்னு சிரிச்சேன்கூட."

"என்ன வார்த்தை வந்துச்சு?"

"எனக்கெங்க அதெல்லாம்? மீட்டர்ல முள்ளு ஆடுதா, சத்தம் சமமா போகுதான்னு பாக்கறதுதான் நம்ம வேலை."

"எங்கயாச்சும் பதிவாகியிருக்குமா?"

"நடுவர் காட்சியைப் பதிவு பண்ணா என் சீட்டைக் கிழிச்சுருவாங்கக்கா. திருட்டுப் படம் வெளிய போயிடுமாம்ல." அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். "ஏங்க்கா, என்னாச்சு? யாரு அவங்க?"

அவள் பிரதியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

வீட்டில் கணவர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். "நீ காது, நான் கண்ணு, மூக்குக்கு ஒரு ஆளைத் தேடிட்டா முழு முகமும் நம்ம குடும்பம்தான்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கும் மனிதர். அவள் நடந்ததைச் சொன்னபோது முதலில் அவருக்குக் கேலிதான் வந்தது.

"உங்கக்கா உயிரோட இருந்தப்பவே ஒரு நாள் லீவு போட்டதில்ல. இப்ப மட்டும் போடுவாங்களா?"

சிரிப்பு பாதியில் செத்தது. எழுந்துபோய்ச் சமையலறை விளக்கையும் போட்டுவிட்டு வந்தார்.

அவள் பிரதியைப் பிரித்துக் காட்டினாள். தாயின் கடைசி வசனம் ஜன்னலில் வந்து உட்காரும் பறவையைப் பற்றியது. அதன் கீழே வெற்றுத் தாள். தாயின் முகம் நிற்கும் அந்த நேரம் முழுவதும் ஒரு வார்த்தையும் கிடையாது.

"இதுல இல்லாத ஒண்ணை அக்கா சொல்லியிருக்காங்க. அஞ்சு பேரு கேட்டிருக்காங்க. நான் மட்டும் கேக்கல. எனக்குச் சொல்ல வந்ததுதாங்க அது. கட்டில்ல படுத்துக்கிட்டுச் சொன்னாங்களே, அதேதான்!" மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பினாள். "நான் ஹெட்போனைக் கழட்டி வெச்சிருந்தேங்க. வெந்நீர் குடிச்சிட்டிருந்தேன்!"

கணவர் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "அப்ப, அந்தப் படத்துக்கு விருது குடுத்தா, அந்தப் பொண்ணு எழுதாத வசனத்துக்குல்ல குடுப்பாங்க?"

அவள் தலை நிமிர்ந்தாள். அதை அவள் நினைக்கவே இல்லை.

மறுநாள் மேலாளரிடம் போய் நின்றாள். படிப்பில் பிசகு நடந்துவிட்டது, பிரதியில் இல்லாத சொற்கள் நடுவர்கள் காதுக்குப் போய்விட்டன, தவறு தன்னுடையது என்றாள். யார், எப்படி என்று சொல்லவில்லை. சொன்னால் நம்புகிற சங்கதியா? மேலாளர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"இத்தனை வருஷத்துல ஒரு எழுத்து கூட்டிக் குறைச்சிருப்பீங்களாம்மா? இப்ப என்ன வந்துச்சு? வெளிய தெரிஞ்சா விழா மானம் கப்பலேறிடும்."

"மறுபடி போட்டுக் காட்டிடலாம் சார். பிசகுன்னா மறுபடி போடணும்னு விதி இருக்கே."

"போடலாம். இந்தத் தடவையாவது சரியா இருக்கணும். இல்லன்னா போட்டிலேர்ந்தே படத்தைத் தூக்கிருவாங்க. அந்தப் பொண்ணு பாவம், மூணு விமானம் மாறி வந்து உக்காந்திருக்கு."

மறுபடி போடச் சொன்னபோது அவள் மனசில் இருந்தது நியாயம் மட்டும்தானா? இல்லை. நியாயத்தின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆசையும் கூடவே வந்தது. இந்தத் தடவை ஹெட்போனைக் கழற்ற மாட்டேன்.

படம் ஓடியது. அதே தாய், அதே ஜன்னல். அதே வாக்கியத்தின் நடுவில் வந்ததும் காதக்கா படிப்பதை நிறுத்தி, பிரதியை இடது பக்கம் தள்ளினாள். வேண்டுமென்றே தள்ளினாள். நடுவர்களில் ஒருவரின் தலை லேசாக அசைந்தது. திரும்பப்போகிறார். போச்சு, எல்லாம் போச்சு.

அப்போது பாதி வாக்கியத்தின் மறுபாதி காதில் கேட்டது.

கனமான, கரகரப்பான குரல். அறுவைக்கு முந்தைய குரல். எந்த நோயும் தொடாத குரல். காலி நாற்காலியின் பக்கம் திரும்பிப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை. கண்ணை மட்டும் தாழ்த்தினாள். ஒரு தாள் எழுந்து, காற்றில்லாத அறையில் ஒரு கணம் செங்குத்தாக நின்று, புரண்டு படுத்தது. அக்கா எப்போதும் விரலை எச்சில் தொட்டுத்தான் புரட்டுவாள். தாளின் மூலையில் மெல்லிய ஈரம் பூத்திருந்தது. காதக்காவின் கண்ணீர் கன்னத்தில் வழிந்து கழுத்துக்குள் இறங்கியது. விசும்பினால் மைக் வாங்கிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பறவை ஜன்னலில் வந்து உட்கார்ந்தது. அக்கா அதையும் படித்தாள். வசனம் முடிந்தது. தாயின் முகம் திரையில் நின்றது. இனி வெற்றுத் தாள்.

இதோ இப்போது சொல்லப்போகிறாள். எத்தனையோ மாதங்களாக இமைக்குள் அசைந்த உதடுகள் இதோ ஒலி பெறப்போகின்றன. காதக்காவின் விரல் தானாகவே மைக்கின் விசைமேல் போய் நின்றது. விசையை அணைத்தால் நடுவர்கள் காதுக்கு எதுவும் போகாது. ஆனால் அதே கம்பிதான் அவள் காதுக்கும் வருகிறது. அணைத்தால் அவளுக்கும் கேட்காது. அணைக்காவிட்டால், மூன்று விமானம் மாறி வந்த அந்தப் பெண் உண்டாக்கிய மௌனத்தின் மேல் வேறொருத்தியின் வார்த்தை விழும். நிறம் காட்டக் கூடாது என்று சொல்லிக்கொடுத்ததே அக்காதானே!

குரல் மூச்சை இழுத்தது. அந்த மூச்சின் சத்தம் அவ்வளவு கிட்டத்தில், காது மடலில் சூடுபடும் அளவுக்குக் கிட்டத்தில் கேட்டது.

"நீ..."

அவள் விசையை அணைத்தாள்.

மேசை லேசாக அதிர்ந்தது. பக்கத்து நாற்காலி, யாரோ எழுந்த மாதிரி, ஒரு முறை கிறீச்சிட்டது. படம் முடியும்வரை அவள் அந்த விசையிலிருந்து விரலை எடுக்கவில்லை. அந்த ஒற்றை 'நீ'க்குப் பிறகு ஐந்து நடுவர்களும் வெறும் மௌனத்தைப் பார்த்தார்கள். இந்த முறை யாரும் கைக்குட்டையைத் தேடவில்லை. யாரும் இருக்கையில் அசையவுமில்லை.

விழாவின் கடைசி மாலையில் விருதுகளை அறிவித்தார்கள். முதல் பரிசு வேறொரு படத்துக்குப் போயிற்று. அந்தச் சின்னப் பெண்ணின் படத்துக்கு நடுவர் குழுவின் சிறப்பு விருது கிடைத்தது. "ஒரு முகத்தின் மௌனத்தை நம்பியதற்காக" என்று தலைவி மேடையில் படித்தார். அந்தப் பெண் கையில் கேடயத்தோடு விம்மி விம்மி அழுதாள். கடைசி வரிசையில் நின்ற காதக்காவுக்கும் அழுகை வந்தது. எதற்கு என்று அவளாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

கூட்டம் கலைந்தபோது தலைவி அவள் தோளைத் தொட்டார்.

"இப்ப பேசலாம், இனிமே தடையில்ல. முதல் தடவை கேட்டது ரெண்டாவது தடவை ஏம்மா முழுசா வரல?"

"அது படத்துல இல்ல மேடம்."

"மேலாளரும் அதைத்தான் சொன்னாரு. நாங்க அஞ்சு பேரும் அதை ஒதுக்கிட்டுத்தான் முடிவு பண்ணோம். ஆனா படத்துல இல்லன்னா, அது எங்கேர்ந்து வந்துச்சு?"

காதக்கா கை கூப்பினாள். "மேடம், உங்க காலைத் தொட்டுக் கேக்கறேன். அந்தக் குரல் என்ன சொல்லுச்சு?"

தலைவி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு, அந்தக் கரகரப்பைத் தன் குரலில் கொஞ்சம் வரவழைத்துக்கொண்டு, ஒரு காலத்தில் அரங்கங்களை அழவைத்த அந்த வாயால் மெதுவாகச் சொன்னார்:

"'நீ போய்த் தூங்கு. இனிமே நான் முழிச்சிருக்கேன்.'"

காதக்கா கண்ணை மூடினாள். இமைக்குள் உதடுகள் அசைந்தன. நீ. போய். தூங்கு. ஒவ்வொரு அசைவும் வார்த்தையில் வந்து அச்சாகப் பொருந்தியது. தண்ணீர் கேட்கவில்லை, டாக்டரைக் கேட்கவில்லை. கட்டிலருகே விழித்துக் கிடந்த தங்கையைப் பார்த்துப் பொறுக்காமல், சாகும் நேரத்தில் அவள் கேட்டது இதைத்தான்.

அன்று இரவு அவள் படுத்ததுதான் தெரியும். கனவில்லை, உதடுகள் இல்லை. கண் விழித்தபோது வெயில் தரையெல்லாம் ஏறியிருந்தது. உடம்பு பஞ்சு மாதிரி இருந்தது. கணவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து கவலையோடு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதான் அந்த நடிகையம்மா சொல்லிட்டாங்களே, இன்னும் எதுக்கு இப்படி உடம்பைக் கெடுத்துக்கற?" என்றார். "நான் கீழ பாயிலேர்ந்து முழிச்சு முழிச்சுப் பாக்கறேன், ராத்திரி பூரா இருட்டுல இந்த நாற்காலியிலயே உக்காந்திருக்கியே. கூப்பிட்டாகூடத் திரும்பல. படுத்திருக்கற யாரையோ பாக்கற மாதிரி கட்டிலையே பாத்துட்டிருந்தே."

அவள் நாற்காலியைப் பார்த்தாள். அது கட்டிலுக்கு வெகு அருகே, அவள் தலைமாட்டுக்கு இழுத்துப் போடப்பட்டிருந்தது. அவள் அதை அங்கே போடவில்லை.

பயந்த மனிதர். உண்மையைச் சொன்னால் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

"தூக்கம் வரலைங்க" என்று சொல்லிவிட்டு, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு திரும்பிப் படுத்தாள்.